ஆறு, நாலு, ரெண்டு

பிரேசர் டவுன், பெங்களூரு
15 பிப்ரவரி 2026

லவினாவுக்கு,

உன் அம்மா போட்ட நிபந்தனைப்படி எழுதுகிறேன். போன வாரம் நாம் போனில் கத்தியது பக்கத்து வீடு வரைக்கும் கேட்டதாம். "இனிமே அப்பனும் மகளும் எழுதித்தான் பேசணும், எழுதுனா பாதிக் கோவம் கையிலயே நின்னுடும்" என்கிறாள். எனக்கு நிற்கவில்லை. நான் காகிதத்தில் எழுதுகிறேன், உன் தங்கை நோரா போட்டோ எடுத்து அனுப்புவாள். நீ தமிழில் எழுது. உன் இங்கிலீஷ் இந்த வீட்டுக்குச் செய்தது போதும்.

பெரிய வியாழனன்று நம் கோயிலில் பங்குச் சாமியார், அப்போஸ்தலர்களின் இடத்தில் பன்னிரண்டு பேரை நாற்காலியில் உட்கார வைத்துப் பாதங்களைக் கழுவுகிறார். அதில் ஆறு பேர் தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்கள், நாலு பேர் கன்னடப் பூசைக்கு, ரெண்டு பேர் இங்கிலீஷ் பூசைக்கு. நீ பிறப்பதற்கு முன்னால், பூசை எந்த மொழியில் என்று அடிதடியாகி, கோயிலைப் பூட்டி, போலீஸ் வந்து, கடைசியில் வாய்வார்த்தையாகப் பேசி முடித்த கணக்கு அது. எங்கேயும் எழுதி வைக்கவில்லை. தமிழ்ப் பக்கம் நான், கன்னடப் பக்கம் சௌரப்பா. வருஷா வருஷம் இரண்டு பேரும் உட்கார்ந்து ஆளைப் பேசி முடிப்போம். அதற்கப்புறம் கோயிலில் ஒரு ஜன்னல் கண்ணாடி உடைந்ததில்லை.

அதை நீ பெல்ஃபாஸ்ட்டில் உட்கார்ந்துகொண்டு கட்டுரையாக்கினாய். 'ஒரு பெங்களூரு பங்கில் அப்போஸ்தலர்களின் தொகுதிப் பங்கீடு.' அப்போஸ்தலர் என்ன, எம்.எல்.ஏ. சீட்டா? என்னைத் 'தமிழ்த் தரப்பின் பேரம் பேசுபவர்' என்று வேறு போட்டிருக்கிறாய். யாரோ அதைக் கன்னடத்தில் போட்டு எல்லார் போனுக்கும் அனுப்பிவிட்டார்கள். "அவங்களுக்கு ஆறு, நமக்கு மட்டும் நாலா?" என்று அந்தப் பக்கம் கேட்கிறார்கள். "நம்ம ஜனம் ஜாஸ்தி, ஏன் சார் ஆறோட நிறுத்துனீங்க?" என்று நம் பக்கம் என் சட்டையைப் பிடிக்கிறார்கள். விஷயம் மேலிடத்துக்குப் போய், ஃபாதர் க்ளெனுக்கு உத்தரவு வந்துவிட்டது. இனி மொழிக் கணக்கே கூடாதாம். குருத்தோலை ஞாயிறன்று சீட்டுக் குலுக்கிப் பன்னிரண்டு பேரை எடுக்க வேண்டுமாம்.

அந்தக் கட்டுரையை எடுத்துவிடு. மற்றதை அப்புறம் பேசலாம்.

டாடி

*

பெல்ஃபாஸ்ட்
19 பிப்ரவரி

டாடிக்கு,

நேற்று சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு பஸ்ஸில் ஏறினேன். இந்த ஊரில் அந்தச் சாம்பலைப் பார்த்தாலே நீ எந்தத் தெரு, எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் கட்சி என்று சொல்லிவிடுவார்கள். எதிரில் இருந்தவர் என் நெற்றியைப் பார்த்தார், என் நிறத்தைப் பார்த்தார், கணக்கு வராமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அறைக்கு வந்து பார்த்தால் உங்கள் கடிதம்.

சரி, நானும் கேட்கிறேன். அந்தக் கட்டுரையின் லிங்க்கை நான் அனுப்பியது உங்களுக்கும் மம்மிக்கும் மட்டும்தான். அதைப் பங்கு வாட்ஸப் குரூப்பில் போட்டது யார்? 'ஃபாரின் யூனிவர்சிட்டியில் என் மகளின் கட்டுரை, ஆண்டவருக்கு நன்றி' என்று எழுதி, கைகூப்புகிற படம் மூன்று வைத்தது யார்? நீங்கள், டாடி. தலைப்பையாவது படித்துவிட்டுப் போட்டிருக்கலாம்.

அதில் இருக்கிற விஷயத்தைச் சொன்னதும் நீங்கள்தான். அக்டோபரில் ஒரு மணி நேரம் பேசினீர்கள். "ரெக்கார்ட் பண்ணிக்கட்டுமா டாடி?" என்று கேட்டேன். "பண்ணு கண்ணு, நல்லா பண்ணு" என்றீர்கள். வீட்டில் கன்னடமும் கடையில் தமிழும் பேசுகிற தையல்காரரை யார் கணக்கில் சேர்ப்பது என்று நீங்களும் சௌரப்பா அங்கிளும் ஒரு சாயந்தரம் முழுக்கச் சண்டை போட்டதைச் சொல்லிவிட்டு நீங்களே விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

ஏன் எழுதினேன் என்று ஒருமுறைகூட நீங்கள் கேட்கவில்லை. இங்கே கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் முப்பது வருஷம் ஒருவரை ஒருவர் கொன்றார்கள். பிறகு ஒரு பெரிய வெள்ளியன்று ஒப்பந்தம் போட்டு, இன்றைக்கு மந்திரி பதவியைக்கூடக் கணக்குப் போட்டுத்தான் பிரித்துக்கொள்கிறார்கள். "உங்கள் ஊரில் இப்படி ஏதாவது உண்டா?" என்று ப்ரொபசர் ஐரின் வகுப்பில் கேட்டார். நான் நம் கோயிலைச் சொன்னேன். வகுப்பே வாயைப் பிளந்தது. இந்த ஊருக்கு வந்த பிறகு, பசுமாட்டைப் பற்றி அல்லாமல் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்விகள் அன்றைக்குத்தான்.

எடுக்க மாட்டேன். மே மாதம் கொடுக்க வேண்டிய ஆய்வேடு இதன் விரிவுதான். அது நன்றாக வந்தால் இங்கேயே எம்.ஏ.வுக்கு இடம் வாங்கித் தருவதாக ஐரின் சொல்லியிருக்கிறார். பி.காம் படி என்று நின்ற உங்களிடமிருந்து இந்தப் படிப்பை வாங்க நான் எத்தனை நாள் பட்டினி கிடந்தேன் என்று மம்மியைக் கேளுங்கள்.

லவினா

*

பிரேசர் டவுன்
8 மார்ச்

லவினாவுக்கு,

மம்மியைக் கேட்டேன். ஒரு வேளைதானாம். அதுவும் சாயந்தரம் உன் சிநேகிதி குளோரியா வாங்கிக் கொடுத்த பஃப்ஸைத் தின்றுவிட்டுத்தான் பட்டினியைத் தொடர்ந்தாயாம்.

குரூப்பில் போட்டது நான்தான். மகளைப் பற்றிப் பெருமைப்பட்டது குற்றமென்றால் தண்டனை கொடு. ஆனால் நான் உன்னிடம் சொன்னது, மகளிடம் சொன்னது. சொல்வதும் எழுதுவதும் ஒன்று என்று நினைத்துவிட்டாய். வாயால் பேசினதை "நான் எங்கப்பா அப்படிச் சொன்னேன்?" என்று நாளைக்கு சௌரப்பாவும் மாற்றிக்கொள்ளலாம், நானும் மாற்றிக்கொள்ளலாம். ஒரு வருஷம் அவன் விட்டுக்கொடுப்பான், மறு வருஷம் நான் விடுவேன். அந்த இடைவெளியில்தான் இத்தனை காலம் வண்டி ஓடியது. எழுதிவிட்டால் ஆறு ஆறுதான், நாலு நாலுதான். யாருக்குக் கம்மி என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்துவிடுகிறது.

தவக்காலத்து வெள்ளிகளில் சிலுவைப்பாதை முடிந்ததும் நானும் அவனும் மாஸ்க் ரோட்டு பேக்கரிக்குப் போவது உனக்குத் தெரியும். டீ, பன், சண்டை. யார் கால் புண்ணாக இருக்கிறது, யார் குடித்துவிட்டு வந்து நிற்பான், யார் வீட்டில் கல்யாணம் நின்றுபோயிருக்கிறது, இந்த வருஷம் யாருக்கு ஆறுதல் வேண்டும் என்று விரல் விட்டு எண்ணுவோம். முந்தாநாள் வெள்ளியும் போய் உட்கார்ந்தேன். இரண்டு டீ சொல்லிவிட்டேன், பழக்கம். அவன் வரவில்லை. கோயிலிலும் என் முகத்தைப் பார்க்காமல் போனான். உன் கட்டுரையில் அவனை 'கன்னடத் தரப்பில் விட்டுக்கொடுக்கும் மனிதர்' என்று எழுதியிருக்கிறாயே, நீ பாராட்டாகத்தான் எழுதியிருப்பாய். அவன் ஆட்கள் அதைப் படித்துவிட்டு அவனைக் கிழிக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பாதம் கழுவுகிற அந்த நாற்காலியில் நான் இதுவரை உட்கார்ந்ததில்லை. பங்கு பிரிக்கிறவன் தனக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. போன வருஷம் எல்லாம் முடிந்து டீ குடிக்கும்போது சௌரப்பா, "பரோ வர்ஷ நீனே கூத்கோப்பா, ஹெர்பர்ட்" என்றான். வருகிற வருஷம் நீயே உட்கார் என்று அவனே சொன்னான். நம் ஆள் சொன்னால் அது மரியாதை, அவ்வளவுதான். எதிர்ப்பக்கத்துக்காரன் சொன்னது எனக்கு எவ்வளவு பெரிதென்று எழுதத் தெரியவில்லை. வருஷம் முழுக்க அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

டாடி

*

பெல்ஃபாஸ்ட்
16 மார்ச்

டாடிக்கு,

கட்டுரையை எடுக்கச் சொல்லிவிட்டேன். நேற்றிலிருந்து அந்தப் பக்கம் இல்லை. ஆனால் கன்னடத்தில் சுற்றுவதை யார் எடுப்பது? குளோரியா ஒன்றை அனுப்பினாள். அதில் தமிழருக்கு எட்டு என்று இருக்கிறது. நான் எழுதாததற்கும் நான்தான் பொறுப்பு போலிருக்கிறது.

சௌரப்பா அங்கிளுக்குப் போன் பண்ணினேன். என் முதல் நன்மை விழாவுக்கு மைசூர்பாக் டப்பாவோடு முதல் ஆளாக வந்து நின்றவர். "அங்கிள், நான் தப்பா ஒண்ணும் எழுதல" என்றேன். "நீனு ஓதிரோளம்மா, நனகேனு கொத்து?" என்றார். நீ படித்தவள், எனக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கத்தியிருந்தால் பரவாயில்லை.

ஆனால் ஆய்வேட்டை விட மாட்டேன். எனக்கும் ஆத்திரம் வருகிறது, டாடி. ஒரு மாணவி எழுதிய பத்துப் பக்கத்தில் உடைந்துபோகிற சமாதானம், அது சமாதானமா? நீங்கள் இரண்டு பேரும் ஒரு பானையை மூடி வைத்து, வருஷா வருஷம் மூடியின் மேல் உட்கார்ந்திருந்தீர்கள். திறந்தவள் மேல் எல்லாருக்கும் கோபம். உள்ளே என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

நாற்காலி விஷயத்தை நீங்கள் அக்டோபரிலேயே சொல்லியிருக்கலாம். அந்த ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் சொன்னீர்கள், அதைத் தவிர.

லவினா

*

பிரேசர் டவுன்
30 மார்ச்

லவினாவுக்கு,

நேற்று சீட்டுக் குலுக்கினார்கள். பெயர் கொடுத்தவர்கள் எல்லாருடைய சீட்டையும் பெரிய பெட்டியில் போட்டு, பீடத்துக்கு முன்னால் ஃபாதர் க்ளென் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். பாவம், புதுச் சாமியார். நியாயமாக நடக்கிறது என்கிற சந்தோஷம் அவர் முகத்தில் முதல் ஐந்து சீட்டு வரைக்கும் இருந்தது.

தமிழ் ஒன்பது, இங்கிலீஷ் ரெண்டு, கன்னடம் ஒன்று. நம் ஜனம் ஜாஸ்தி, பெட்டியிலும் நம் சீட்டே ஜாஸ்தி. பத்தாவதாக வந்தது என் பெயர்.

நம் பையன்கள் கோயில் கேட்டில் பட்டாசு வெடித்தார்கள். தவக்காலத்தில், குருத்தோலை ஞாயிறன்று, பட்டாசு! நான் போய் ஒருத்தன் கையிலிருந்து பிடுங்கினேன். "அங்கிள், நீங்கதானே ஜெயிச்சிருக்கீங்க" என்கிறான். கன்னடப் பக்கத்தார் கையிலிருந்த குருத்தோலைகளைப் படிக்கட்டில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். சௌரப்பா கடைசியாகப் போனான்.

ஜெயித்துவிட்டோம். என்ன செய்வதென்று தெரியவில்லை.

டாடி

*

பெல்ஃபாஸ்ட்
31 மார்ச்

டாடி,

உட்காராதீர்கள். வேறொன்றும் எழுத வரவில்லை. இதை ஆராய்ச்சிக்காகக் கேட்கவில்லை.

லவினா

*

பிரேசர் டவுன்
5 ஏப்ரல், உயிர்ப்பு ஞாயிறு

லவினாவுக்கு,

உட்கார்ந்தேன். நான் எழுந்திருந்தால் நம் ஆட்கள் அடுத்த ஆளை உட்கார வைத்திருப்பார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். அது பாதி உண்மை. மீதி, எனக்கு ஆசை. அவ்வளவுதான்.

வியாழனன்று கேட்டுக்கு வெளியே போலீஸ் வண்டி நின்றது. அதற்குப் பக்கத்தில் கன்னடப் பூசைக்காரர்கள் ரோட்டில் பாய் விரித்து உட்கார்ந்து ஜெபமாலை சொன்னார்கள். முன்னால் சொல்லிக்கொடுத்தவன் சௌரப்பா. அவன் மைக் சத்தம் பீடம் வரைக்கும் கேட்டது. உள்ளே நாங்கள் தமிழில் பாடப் பாட, வெளியே அவன் குரல் ஏறிக்கொண்டே வந்தது. ஃபாதர் என் காலடியில் முட்டி போட்டார். தண்ணீர் ஜில்லென்று இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்தி என்று எல்லாரும் நினைத்தார்கள். பக்கத்தில் இருந்தவன் கர்ச்சீப்பு கொடுத்தான்.

சௌரப்பா என்னைத் திட்டக்கூட வரவில்லை, லவினா. அதுதான் என்னைத் தின்கிறது. அடிதடி நடந்த காலத்தில்கூட மறுநாள் வந்து வாசலில் நின்று கத்திவிட்டுப் போகிறவன். இப்போது கத்த வேண்டிய அவசியமே இல்லை. இனி ஆளைச் சீட்டே எடுத்துக்கொள்ளும். அவனுக்கு நான் எதற்கு, எனக்கு அவன் எதற்கு? இத்தனை வருஷத்தில் இந்த ஒரு தவக்காலத்தில்தான் நாங்கள் சண்டை போடவில்லை.

பானையின் மூடி மேல் உட்கார்ந்திருந்தீர்கள் என்று எழுதினாய். இருக்கலாம். ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்திருந்தோம்.

டாடி

*

பெல்ஃபாஸ்ட்
18 ஏப்ரல்

டாடிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் வகுப்புக்குப் போகவில்லை. இங்கே இரண்டு பக்கத்துத் தெருக்களுக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. அதில் ஒரு கேட். சாயந்தரம் ஆனால் இன்றைக்கும் பூட்டுகிறார்கள். அங்கே போய்ச் சும்மா நின்றுவிட்டு வந்தேன். இதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேனா என்று எரிச்சலாக இருந்தது.

பிறகு உட்கார்ந்து ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை எழுதினேன். 'இந்த ஏற்பாடு 2026 ஈஸ்டரோடு முடிந்துவிட்டது.' எழுதும்போது கை வரவில்லை. ஆனால் அது உண்மை, நீங்களே எழுதியதுதான்.

ஐரினுக்குப் பிடிக்கவில்லை. முடிவு சப்பென்று இருக்கிறதாம். "இப்படிப்பட்ட ஏற்பாடுகள் சாவதில்லை, வேஷம் மாறிக்கொண்டு திரும்பி வரும். அங்கே என்ன நடக்கிறது என்று கேள். அது கிடைத்தால் எம்.ஏ. இடத்துக்கு நான் பொறுப்பு" என்கிறார். கடைசித் தேதி மே மாதம் இருபதாம் தேதி.

கேட்கக் கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன். ஏதாவது நடந்தால் சொல்வீர்களா?

லவினா

*

பிரேசர் டவுன்
10 மே

லவினாவுக்கு,

நடந்தது.

நேற்று சாயந்தரம் பிரட் வாங்க மாஸ்க் ரோட்டுக்குப் போனேன். எங்கள் மேஜையில் சௌரப்பா தனியாக உட்கார்ந்திருக்கிறான். முன்னால் இரண்டு டீ. ஒன்று ஆறிப்போயிருந்தது. நான் எதிரில் உட்கார்ந்தேன். அப்புறம் மேஜையைத் தட்டினான்.

"ஒம்பத்து ஜனானா? நாச்சிகே ஆகல்வா நினகே?"

"வெக்கம் எனக்கு எதுக்கு? குலுக்குனது சாமியாரு, என்னைக் கேட்டா குலுக்குனாரு?"

"பட்டாசு வெடிச்சாங்களே, அது யாரைக் கேட்டு?"

"ரோட்ல மைக் வெச்சுக் கத்துனியே, அது யாரைக் கேட்டு?"

தையல்காரர் விஷயம் வரைக்கும் பின்னால் போனோம். பேக்கரிக்காரர் வந்து, "சார், கஸ்டமர் பயப்படறாங்க" என்றார். வெளியே வந்து ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று மிச்சத்தைப் போட்டோம். என் பி.பி. மாத்திரை நேரமே தப்பிவிட்டது. லவினா, இந்த நாலு மாதத்தில் நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

கடைசியில் அவன்தான் கேட்டான். சீட்டு எழுதி மடித்துப் பெட்டியில் போடுகிற வேலையைப் பங்குப் பேரவையில் யார் செய்கிறார்கள்? நாங்கள் இரண்டு பேரும்தான். சாமியார் குலுக்கட்டும். மேலிடத்து உத்தரவு அப்படியே இருக்கட்டும். பெட்டிக்குள் நாங்கள் பேசி முடித்த பன்னிரண்டே சீட்டு இருந்தால் எப்படிக் குலுக்கினாலும் அந்தப் பன்னிரண்டுதான் வெளியே வரும். ஃபாதருக்குத் தெரியுமா என்று கேட்காதே. ஐந்தாவது சீட்டுக்கு மேல் அவர் முகம் போன போக்கை நான் பார்த்தவன்.

கிளம்பும்போது சௌரப்பா, "மகளிகே ஹேள்தீயா?" என்றான். மகளிடம் சொல்வாயா? "சொல்லுவேன், அவ கேட்டிருக்கா" என்றேன். அவன் கொஞ்ச நேரம் ஹெல்மெட்டைத் துடைத்தான். "ஹேளு" என்றான்.

அதனால் சொல்லிவிட்டேன். எடுத்துவிடு, எழுதாதே என்று இந்தத் தடவை சொல்லப் போவதில்லை. உனக்கு இது எதற்கு வேண்டுமென்று எனக்குத் தெரியும்.

டாடி

*

பெல்ஃபாஸ்ட்
29 மே

டாடிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே எழுத ஆரம்பித்தேன். மூன்று நாளில் பதினெட்டுப் பக்கம். நான் எழுதியதிலேயே நல்ல பதினெட்டுப் பக்கம் அதுதான், பெருமைக்குச் சொல்லவில்லை. அதில் பெட்டி இருந்தது, மேஜை இருந்தது, ஆறிப்போன டீகூட இருந்தது. படித்துப் பார்த்து நானே சிரித்தேன். பிறகு அழித்துவிட்டேன். அழித்த பிறகு ஒரு மணி நேரம் உங்கள் இரண்டு பேர் மேலும் கோபமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

பழைய முடிவோடுதான் கொடுத்தேன். 2026 ஈஸ்டரோடு முடிந்துவிட்டது. நேற்று வாய்மொழித் தேர்வு. ஐரின் விடவில்லை.

"அங்கே விசாரித்தாயா?"

"விசாரித்தேன்."

"அடுத்த வருஷம் என்ன செய்வார்கள்?"

"சீட்டுக் குலுக்குவார்கள்."

"என்ன முடிவு வரும் என்று நினைக்கிறாய்?"

"ஆண்டவர் சித்தம்" என்றேன். அரசியல் படிப்பில் நான் சொன்ன மிக மோசமான பதில். ஐரின் என்னைப் பார்த்தார். இந்த ஊர்க்காரர் அல்லவா, ஏதோ புரிந்த மாதிரி இருந்தது. ஆனால் மார்க் புரிதலுக்குப் போடுவதில்லை. 'முடிவுரை வலுவற்றது' என்று எழுதிவிட்டார். எம்.ஏ. இடம் வேறொருத்திக்குப் போய்விட்டது. என் பெயர் காத்திருப்பவர்களில் நாலாவது. மம்மியிடம் மெதுவாகச் சொல்லுங்கள், குளோரியாவுக்குச் சொல்ல வேண்டாம்.

ஜூன் பன்னிரண்டு ராத்திரி வந்து இறங்குகிறேன். அழைக்க வருகிறவர் போனில் கத்தாமல் வரவும்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். வருகிற வருஷம் அந்தப் பெட்டியில் போடுகிற ஆறில், சௌரப்பா அங்கிள் மறுபடி உங்கள் பெயரைச் சொன்னாரா?

வேண்டாம், டாடி. சொல்லாதீர்கள்.

லவினா